வெள்ளூசியும் குதிகாலும்

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் செங்குட்டுவனைப் பாடும் பரணர், மறவர் மார்பின் வடுவைக் குறிப்பிடுமிடத்தில் ஓர் அரிய உவமையை ஆள்கிறார். மீனைத் தேடிக் குளிர்ந்த கயத்தில் மூழ்கி மேலெழும் சிரற்பறவையைப் போல, நீண்ட வெண்ணிற ஊசி புண்ணில் புகுந்து வெளிப்படுகிறது. சிரல் என்பது நாம் மீன்கொத்தி என்றழைக்கும் பறவை. புண்ணை ஊசியால் தைக்கும் வழக்கம் சங்க காலத்தே இருந்தது என்பதற்கு இப்பாடல் நற்சான்று. உ.வே.சாமிநாதையர் இந்நூலை 1904இல் பதிப்பித்தார். பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தார்.

அதே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், 1929இல் தோன்றிய பல்கலைக்கழகம் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. 2021இல் அது அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. பனையும் பலாவும் முந்திரியும் மிகுந்த கடலூர் மாவட்டத்தில் மரமேறுவோரும், சாரத்தில் நின்று கட்டடப்பணி செய்வோரும் பலர். உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுபவரின் உடற்பாரம் முழுதும் குதிகால் எலும்பில் இறங்குகிறது. உள்ளே மென்மையான இவ்வெலும்பு நொறுங்கித் தட்டையாகிவிடுகிறது. அந்தச் சரிவை அளக்கும் கோணம் இன்றும் வியன்னா மருத்துவர் லோரன்ஸ் பூலரின் பெயரால் வழங்குகிறது.

1990களில் பரவிய முறைப்படி, குதிகாலின் வெளிப்புறத்தில் 'எல்' வடிவில் கீறித் தோலை மடல்போல் உயர்த்தி, எலும்பை ஒழுங்குசெய்து தகடு பொருத்துவர். இடர் அம்மடலின் மூலையில்தான் இருக்கிறது. அங்கே தோலுக்கடியில் தசையில்லை. சிறு தமனி ஒன்றையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. தையல் இறுகினால் விளிம்பு கருகும், புண் பிரியும், கிருமி தகட்டை எட்டும். எனவேதான் வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரியும்வரை ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கிறார்கள். புகைப்பழக்கமும் நீரிழிவும் இந்த இடரைப் பெருக்குகின்றன.

இத்தாலிய மருத்துவர் டொனாட்டியின் தையலில் ஊசி இருபுறத் தோலையும் துளைத்து, ஆழத்தில் ஒருமுறையும் விளிம்பருகே ஒருமுறையும் செல்லும். சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஆல்கோவர் (1917–2007) அதில் சிறு மாற்றம் செய்தார். ஊசி ஒருபுறம் மட்டுமே தோலைத் துளைக்கும். மறுபுறத்தில் தோலின் உள்ளடுக்கிலேயே சென்று, புறப்பட்ட பக்கத்துக்கே திரும்பும். முடிச்சும் அப்பக்கமே விழும். நலிந்த மடலின் மேற்பரப்பில் துளையுமில்லை, நூலின் அழுத்தமுமில்லை. 2008இல் பன்றித் தோலில் லேசர் கருவியால் குருதியோட்டத்தை அளந்த ஆய்வொன்றில், ஒப்பிட்ட தையல் வகைகளுள் குருதியோட்டத்தை மிகக் குறைவாகப் பாதித்தது இதுவே. பரணர் கண்ட ஊசி நீரைக் கிழித்து மேலெழும் பறவை. ஆல்கோவரின் ஊசியோ மறுகரையில் நீருக்கு மேல் தலைகாட்டாமலே திரும்பும் பறவை.

தையலின் நுட்பம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். பிரிட்டனில் 151 நோயாளிகளிடம் நிகழ்த்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, மிகக் கடுமையாக உருக்குலையாத, தோல் கிழியாத முறிவுகளை எடுத்துக்கொண்டது. அறுவை பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் ஈராண்டு முடிவில் வலியிலோ நடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. சிக்கல்களும் மறு அறுவையுமோ முன்னவரில் 23 விழுக்காடு, பின்னவரில் 4 விழுக்காடு. ஆகவே எப்படித் தைப்பது என்னும் வினாவுக்கு முன்னே, கீறத்தான் வேண்டுமா, சிறு கீறல் போதுமா என்ற வினாக்கள் நிற்கின்றன.

சங்க மறவனுக்கு வடு பெருமை. நெடிதாக இருந்தால் மேலும் பெருமை. பண்ருட்டியில் பலா மரமேறும் உழைப்பாளிக்கு வடு வெறும் வடுவே. புண் இரண்டு வாரத்தில் மூடுமா, இரண்டு மாதம் கசியுமா என்பதில் அவர் வீட்டு உலை அடங்கியிருக்கிறது. நூல் எந்தப் பக்கம் திரும்பியது என்ற சிறு செய்தியின் பெறுமானம் அங்கேதான் விளங்குகிறது.