அவையும் தொட்டிலும்

தமிழகத்து மகளிர் மாநாடுகளின் வரலாற்றை எழுதியோர், தலைமை ஏற்றவர் யார், நிறைவேறிய தீர்மானங்கள் எவை என்பனவற்றை ஓரளவு முறையாகவே பதிவு செய்துள்ளனர். அவ்வரலாற்றின் ஓரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கும் உண்டு. அதனையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே வழங்க வேண்டும் எனத் தீர்மானித்த மாநாடு அது. அத்தீர்மானத்தாலேயே இன்றும் நினைக்கப்படுகிறது. மறுநாள் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்த டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் கைதாயினர். 1937 முதல் 1940 வரை நடைபெற்ற அப்போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறைக்குள் சென்ற குழந்தைகள் 32.

இவ்வெண்ணைத் தியாகத்தின் அளவாகவே மேடைகளில் எடுத்துரைப்பர். அது தவறன்று. ஆயினும் பால்குடி மறவாத பிள்ளையை வேறு யாரிடமும் விட்டுவர இயலாத பெண்களும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதனையும் அவ்வெண்ணிலிருந்து உய்த்துணரலாம். ஆடவருள் எத்தனை பேர் பிள்ளையைத் தோளிலிட்டுச் சிறை புகுந்தனர் என்னும் வினா நம் வரலாற்று நூல்களில் எழுவதே இல்லை.

பெண் எங்குச் சென்றாலும் பிள்ளை உடன் வரும் என்பதை அரசு முதலில் ஒப்புக்கொண்டது உழைப்பிடத்தில்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. 1976இல் அவ்வரம்பு முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இத்தகைய ஏற்பாட்டை வற்புறுத்தியது. முந்திரி ஆலைகளும் இரப்பர்த் தோட்டங்களும் மிகுந்த நம் குமரி மாவட்டத்துக்கு இவ்விரு சட்டங்களும் ஏட்டுச் செய்தியல்ல. பால் வடிக்க விடியுமுன்னே மரத்தடிக்குப் போக வேண்டும். தாய் புறப்படும் வேளையில் பிள்ளை உறக்கத்தில் இருக்கும். எனினும் பெண்களின் எண்ணிக்கை குறைந்த சிறு ஆலைகளுக்கும், வீட்டிலிருந்தே செய்யும் கூலிவேலைக்கும் அவ்விதி எட்டவில்லை. அங்கெல்லாம் காப்பகமாக இருந்தவள் மூத்த பெண்பிள்ளை. வயலில் நடவு நடந்த காலத்தில் வரப்பு மரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலை ஆட்டியவளும் அவளே. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிப் பள்ளியிலிருந்து நின்றுபோன அக்காளின் கதையை நாஞ்சில் நாட்டில் கேளாத வீடு குறைவு.

தில்லியில் 1969ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காக இராஜகாட் அருகே கண்காட்சி அரங்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. கல்லும் மண்ணும் சுமந்த பெண்களின் குழந்தைகள் அங்கே புழுதியில் கிடந்ததைக் கண்டார் மீரா மகாதேவன். கூடாரம் ஒன்றில் அக்குழந்தைகளுக்குக் காப்பகம் தொடங்கினார். கட்டடப் பணி நடக்கும் இடந்தோறும் உடன் செல்லும் 'மொபைல் கிரெஷ்' அமைப்பு அவ்வாறே பிறந்தது. மீரா மகாதேவன் இந்தியில் நாவல் எழுதியவர் என்பதை இலக்கிய வட்டத்தார் முன் தனியே குறிப்பிட விரும்புகிறேன்.

சிறைக்கூடமும் இவ்வரிசையில் சேர்ந்தது. 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாயுடன் சிறையில் வாழும் குழந்தைகளுக்கு ஆறு வயது வரை காப்பகமும் மழலையர் பள்ளியும் அமைய வேண்டும் என நெறிமுறை வகுத்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கடமையாக்கி, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்துவரவும் இடமளித்தது.

ஆலை, தோட்டம், சிறை, அலுவலகம் என இத்தனைக்கும் விதி உண்டு. கருத்தரங்குக்கு இல்லை. கருத்தரங்குக்கு வருபவர் யாருடைய ஊழியரும் அல்லர். அழைப்பவர் அவர்க்கு முதலாளியும் அல்லர். ஆகவே இச்சட்டங்களின் கணக்கில் அவர் வருவதில்லை.

சட்டம் கேளாமலே இதனைச் செய்துகாட்டிய அவைகளும் உண்டு. 1970இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ரஸ்கின் கல்லூரியில் பெண் விடுதலை மாநாடு கூடியபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆடவர் ஏற்றனர். அவர்களுள் ஒருவர் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால். அம்மாநாட்டிலிருந்து எழுந்த நான்கு கோரிக்கைகளுள் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் குழந்தைக் காப்பகங்கள் வேண்டும் என்பது ஒன்று. 2018இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமியின் இதழில் ரெபெக்கா காலிசி என்பாரும் தாய்மாரான அறிவியலாளர் குழு ஒன்றும் எழுதிய கட்டுரை, மாநாடு நடத்துவோர் குழந்தைப் பராமரிப்புக்குப் பொருளும் இடமும் ஒதுக்க வேண்டும் என வாதிட்டது. ஆய்வாளர் தம்மை நிலைநிறுத்திக்கொள்ளும் ஆண்டுகளும் பிள்ளை பெற்று வளர்க்கும் ஆண்டுகளும் பெண்ணுக்கு ஒன்றாகவே வருகின்றன என்பதே வாதத்தின் அடிப்படை.

நம் தமிழாய்வு உலகம் இதனை அறியாததன்று. முனைவர் பட்ட மாணவியர்க்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்காக 240 நாள் வரை விடுப்பு வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி செய்தது. நல்ல விதி. ஆனால் விடுப்பு என்பது வீட்டிலிருக்க உதவுவது. அவைக்கு வர உதவுவதன்று. கருத்தரங்கப் பதிவுப் படிவம் சைவ உணவா, அசைவ உணவா எனக் கேட்கும். தங்கும் அறை வேண்டுமா எனக் கேட்கும். உடன் குழந்தை வருமா எனக் கேட்கும் படிவத்தை நான் கண்டதில்லை. வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் ஓர் ஆய்வு மாணவி, தம் தாயாரைக் கைக்குழந்தையுடன் மண்டபத்துக்கு வெளியே மரநிழலில் அமர்த்திவிட்டுக் கட்டுரை படித்தார். பத்து நிமிடக் கட்டுரையின் நடுவே இருமுறை அவர் கண் வாயிலுக்குச் சென்று மீண்டது. அவருடைய தாயார் அந்நாளுக்குரிய கூலிவேலையை விட்டு வந்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். பொதுவாக ஒரு பெண்ணின் ஆய்வுரைக்குப் பின்னே பெயர் அச்சிடப்படாத மற்றொரு பெண் அமர்ந்திருக்கிறாள்.

குழந்தை அழுதால் அவையமைதி கெடும் என்பர். செல்பேசி ஒலிக்கும்போது பொறுத்துக்கொள்ளும் அவை நம்முடையது என்பதைச் சொல்லி அப்பால் செல்கிறேன். அங்கன்வாடி இருக்கிறதே என்பாருக்கும் விடை எளிது: அது மாலைக்குள் மூடப்படும், இலக்கியக் கூட்டங்களோ விளக்கேற்றும் வேளையில்தான் தொடங்குகின்றன. பட்டப்படிப்பு நாளில் கவிதை வாசித்த பெண்கள் பிள்ளை பிறந்தபின் கூட்டத்துக்கு வராமற்போகும்போது, எழுத்தார்வம் வற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆறரை மணிக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதே பலருக்கும் தடை.

தேவைப்படுவது பெரும்பொருளன்று. கூட்ட மண்டபத்தை அடுத்து ஓர் அறை. பாய்கள், கயிற்றில் கட்டிய ஒரு தொட்டில், வெந்நீர், கை கழுவ இடம். கூலி பெற்றுப் பார்த்துக்கொள்ளும் அனுபவமுள்ள பெண்கள் இருவர். வந்த குழந்தையையும் ஒப்படைத்தவரையும் குறிக்கும் ஏடு ஒன்று. ஒப்படைத்தவரிடமன்றி வேறெவரிடமும் குழந்தையைத் தராத கண்டிப்பு. பொன்னாடைக்கும் மாலைக்கும் நாம் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகையாகாது. உறுப்பினருள் ஆடவர் இருவர் முறைவைத்து அவ்வறையில் இருப்பதும் நன்று. சிறப்புரையின் ஒரு பகுதியை அவர்கள் இழக்க நேரிடும். வட்டத்தின் பதினோராம் ஆண்டு முதற்கூட்ட அழைப்பிதழில், 'சிறுகுழந்தைகளுடன் வருவோர்க்குத் தனி அறை உண்டு' என்னும் வரியை, தேநீர் பற்றிய வரிக்கு மேலே அச்சிடுமாறு செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்துள்ளேன்.