ஏலக்காய் ஊரும் ஒரு சின்ன பேட்டரியும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு விலை வைத்தது ஒரு காலத்தில் குரல்தான். ஏலக்கூடத்தில் சாம்பிள் காய் ஒவ்வொரு லாட்டாகக் கைமாறும். வியாபாரிகள் அதை உள்ளங்கையில் கொட்டிப் பச்சை நிறத்தையும் பருமனையும் பார்ப்பார்கள். பிறகு வாய்விட்டுக் கேட்டு விலையை ஏற்றுவார்கள். ஊரார் ஸ்பைசஸ் போர்டு என்று சொல்லும் நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்ப்பது அப்படியே தொடர்ந்தது. விலை கேட்பது மட்டும் கம்ப்யூட்டருக்குப் போனது. 2021-இல் கிளவுட் முறை வந்தபின், மலைக்கு மேலே புற்றடியில் நடக்கும் ஏலத்தைப் போடியில் உட்கார்ந்தபடியே கேட்க முடிந்தது.

ஏலக்கூடத்து மெஷின்களைக் கவனிக்க ஆள் உண்டு. கடையிலும் எஸ்டேட் ஆபீஸிலும் பில் போடும் கம்ப்யூட்டருக்கு அந்த வசதி கிடையாது. அது மக்கர் செய்தால் சரக்கு வண்டி வாசலிலேயே நிற்கும்.

ஏலக்காய் விளைவது பெரும்பாலும் கேரளத்து இடுக்கி மலையில், வியாபாரமோ தமிழ்நாட்டு அடிவாரத்தில். அதனால் போடிமெட்டு மலைப்பாதை வழியாக மாநில எல்லையைத் தாண்டுவது இந்தத் தொழிலின் அன்றாட வேலை. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் வேண்டும். அதைப் பெரும்பாலும் இணையத்தில்தான் எடுக்கிறார்கள். ஒருநாள் காலையில் அந்தத் தளம் திறக்காமல், 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று திரையில் வந்தால்? வைரஸ் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். உண்மையான காரணம், கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் ஒரு சின்ன பேட்டரியாக இருக்கலாம்.

1981-இல் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த பர்சனல் கம்ப்யூட்டரில், அணைத்தபின்னும் ஓடும் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதியையும் நேரத்தையும் நாமே சொல்ல வேண்டும். 1984-இல் வந்த பிசி ஏடி மாடலில்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு சேர்ந்தது. இன்றைய டெஸ்க்டாப்புகளில் அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதற்குச் செலவு குறைவு. இரவில் கடை சாத்தும்போது மெயினை அணைத்துவிடும் நம் வழக்கத்தில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை செல்லும் என்று பிரவுசர் சரிபார்க்கிறது. கம்ப்யூட்டர் காட்டும் பழைய தேதி அதற்குள் அடங்காததால் தளத்தைத் தடுக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, புது பேட்டரி போட்டு, தேதியைத் திருத்தினால் வேலை முடிந்தது. இதற்குக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்வது எதற்கு?

விலை அடிக்கும்போது தொல்லை தரும் இன்னொன்று, கீபோர்டில் உள்ள 'நம் லாக்' (Num Lock) விசை. அதன் கதையும் அந்த 1981-ஐச் சேர்ந்ததே. அன்றைய கீபோர்டில் 83 விசைகள்தான். வலப்பக்க எண் பகுதியில் எண்களுக்கும் அம்புக்குறிகளுக்கும் ஒரே விசைகள். எது வேண்டும் என்று மாற்றிக்கொள்ளவே நம் லாக் இருந்தது. 1980-களின் நடுவில் 101 விசைக் கீபோர்டில் அம்புக்குறிகளுக்குத் தனி இடம் கிடைத்தும் அந்தப் பழைய விசை போகவில்லை. தெரியாமல் கை பட்டு அது அணைந்தால், அந்தப் பகுதியில் 7 என்று அடிக்கும்போது எண் விழாது, கர்சர்தான் நகரும். ஒரு கிலோ 7,000 ரூபாய்வரை போன 2019 ஆகஸ்ட் போன்ற நாட்களில், விலை அடிப்பவருக்கு நம் லாக்கின் சின்ன விளக்கு எரிகிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாரல் மாதங்களில் மலைச்சரிவு ஆபீஸ்களில் திரை வராமல் 'பீப்' மட்டும் கேட்டால், ரேம் அட்டையின் பொன்னிற முனையில் படிந்த அழுக்கே பலசமயம் காரணம். பிளக்கைப் பிடுங்கியபின் அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் உயிர் வந்துவிடும்.

இந்த வைத்தியத்தை அடிவாரத்து மெக்கானிக்குகள் ஒளித்துவைக்கக் கூடாது. கடைப் பையன்களுக்கும் எஸ்டேட் கணக்குப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும், தளம் திறக்கவில்லை என்று சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன் திரை ஓரத்தில் இருக்கும் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.