அம்பத்தூர் டூ லண்டன்: ரீல்ஸ் பாட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் பங்க் ராக்... அது என்ன?

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினா, திருமுல்லைவாயல், அன்னனூர் தாண்டி ஆவடி வர்றதுக்குள்ள பத்து ரீல்ஸ் பாட்டாவது காதில் விழுந்துடும். துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வரும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைப் பலரும் அப்படிக் கேட்டிருப்பீங்க. பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற ஈழத் தமிழ்ப் பெண். ஆனா அந்தப் பாட்டின் அடியில் ஓடும் இசை, 1982-ல் லண்டனின் 'தி கிளாஷ்' என்ற பங்க் ராக் குழு வாசித்தது.

பங்க் ராக்னா என்ன?

1970-களில் ராக் இசை என்றாலே பெரிய மேடை, நீளமான கிதார் வாசிப்பு, காஸ்ட்லி கருவிகள் என்றாகிவிட்டது. அதுக்கு எதிரா வந்ததுதான் பங்க். கிதாரில் மூணு கார்ட்ஸ் தெரிஞ்சா போதும், ரெண்டு நிமிஷத்துல கோபத்தைக் கொட்டிடலாம். நியூயார்க்கின் 'ரமோன்ஸ்' குழுவோட முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. அடுத்த ஆண்டு, ராணியைச் சீண்டி 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' வெளியிட்ட பாட்டை பிபிசி தடை செய்தது. அப்படியும் அது தரவரிசையில் 2-ம் இடம் பிடித்தது. 1978 ஏப்ரல் 30-ல் லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த இனவெறி எதிர்ப்பு இசை நிகழ்ச்சியில் கிளாஷ் பாடியது.

தமிழருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எம்.ஐ.ஏ.வின் இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்து, 1986-ல் அகதியாக லண்டன் திரும்பியவர். 2007-ல் அம்மா பெயரில் 'கலா' ஆல்பத்தை வெளியிட்டார். அதன் ஒரு பகுதி பதிவானது நம்ம சென்னையில்தான். உறுமி மேளமும் அதில் ஒலிக்கும்.

அவர் எடுத்துக்கொண்ட கிளாஷ் பாட்டான 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்', புலம்பெயர்ந்தவர்கள் விரட்டப்படும் வலியைப் பேசுவது. 'பேப்பர் பிளேன்ஸ்' குடியேறிகளைத் திருடர்களாகப் பார்க்கும் பார்வையைக் கிண்டலடிப்பது. 25 வருஷ இடைவெளி, ஆனா விஷயம் ஒண்ணுதான். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் கிளாஷ் குழுவின் நால்வர் பெயரும் இருக்கு.

இளசுகள் பழைய இசையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு காலத்தில் அண்ணன் கொடுத்த கேசட், ரெக்கார்டிங் கடைக்காரர் சொன்ன பேர்... இதுதான் வழி. இப்போ வழி பின்னோக்கிப் போகுது. முதலில் ரீல்ஸில் 15 விநாடி, பிறகு முழுப் பாட்டு, அப்புறம் அதுக்குள்ள இருக்கும் பழைய பாட்டு. ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பக்கத்தில் இருக்கும் மூணு புள்ளியைத் தட்டினா எழுதியவர், தயாரிப்பாளர் பெயர்கள் வரும். அந்தப் பெயர்தான் பழைய பாட்டுக்குப் போகும் கதவு. பெயர் விட்டுப்போனா கதவும் மூடிடும்.

நம்ம ஊரில் இப்படி உண்டா?

பங்க் மாதிரியே காசு, பயிற்சி எதையும் கேட்காத இசை கானா. ரயில் பெட்டியைத் தட்டினாலே தாளம் ரெடி. ஆனா வாய்வழியாவே பரவியதால், பல பாட்டுகளை எழுதியது யார்னே தெரியாம போச்சு.

இந்த நிலையில்தான் 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு இது. கானா, ராக், ராப் மூன்றையும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடியது. குழுவின் பெயருக்கு வேர், அயோத்திதாசர் முன்வைத்த 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற அடையாளம்.

அந்தக் குழுவில் பாடிய அறிவு, ஆவடி தாண்டிப் போகும் அதே ரயில் பாதையில் உள்ள அரக்கோணத்துக்காரர். 2021 மார்ச்சில் தீயுடன் அவர் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. ஆனா அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலரும் கேள்வி எழுப்பிய பிறகு, அறிவு இடம்பெற்ற அட்டையும் வந்தது.

அடுத்த முறை ஒரு ரீல்ஸ் பாட்டு பிடிச்சுப்போனா, அந்த மூணு புள்ளியையும் ஒருமுறை தட்டிப் பாருங்க.