ஒரு சாண் இடமும் ஒரு குழந்தையும்

விரைவாக ஓடுவதற்கென்றே அமைக்கப்படும் ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் இரண்டே இருக்கைகள் இருக்கும். அதை வாங்கியவருக்குக் குழந்தை பிறந்ததும் ஒரு கேள்வி எழுகிறது: குழந்தையை எங்கே உட்கார வைப்பது? கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு விடை கண்ட வரலாறு சுவையானது. அதன் ஒரு கிளை சென்னையிலும் ஓடியிருக்கிறது.

ஹெரால்டும் அதன் தம்பியும்

1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்னும் கார் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதே காரை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்ட்’ என்ற பெயரில் தயாரித்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை நன்கு அறிந்திருப்பார்கள். தொடக்கத்தில் வந்த வண்டிகளுக்கு இரண்டே கதவுகள். முன்னிருக்கையைச் சாய்த்துத்தான் பின்னால் ஏற வேண்டும். பின்பக்கம் கதவே இல்லாததால், குழந்தை கதவைத் திறந்துகொண்டு விழுந்துவிடும் என்ற அச்சம் இல்லை.

ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சற்றே குறுக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை டிரையம்ப் நிறுவனம் செய்தது. ஹெரால்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 232 செ.மீ.; ஸ்பிட்ஃபயரில் 211 செ.மீ. குறைந்தது ஏறக்குறைய ஒரு சாண். அந்த ஒரு சாணோடு பின்னிருக்கையும் போயிற்று!

போன சாண் திரும்பியது

காற்றின் தடையைக் குறைப்பதற்காக ஸ்போர்ட்ஸ் காரின் கூரை பின்புறம் சரிந்து இறங்குகிறது. ஆகவே பின்னால் பெரியவர் உட்கார்ந்தால் தலை இடிக்கும். குழந்தைக்கு மட்டும் இடம் போதும். 1963-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட போர்ஷ் 911 காரில் இத்தகைய இரு சிற்றிருக்கைகள் இருந்தன. அவற்றின் முதுகுப்புறத்தை மடக்கினால் பெட்டி வைக்கும் மேடையாகிவிடும். ஜாகுவார் நிறுவனம் தன் இ-டைப் காரை 1966-இல் 23 செ.மீ. நீட்டி, பின்னிருக்கை வைத்தது. மீண்டும் அதே ஒரு சாண்! பெரியவர் இருவர், சிறியவர் இருவர் என்ற பொருளில் இவ்வகைக் கார்களை ‘2+2’ என்பார்கள்.

‘குழந்தை எங்கே உட்காரும்?’ என்ற கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. ‘கார் திடீரென்று நின்றால் குழந்தை எப்படி நிற்கும்?’ என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண இடத்தை மட்டும் அளந்தால் போதாது; விசையை அளக்க வேண்டும்.

நிற்பதற்கு வேண்டிய தூரம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்புக்கு விடுமுறை நாளில் ஒரு குடும்பம் காரில் செல்வதாகக் கொள்வோம். வேகம் மணிக்கு 50 கி.மீ.தான், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். இது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம்.

வண்டி சாலையோர மரத்தில் மோதுகிறது. அதன் முன்பகுதி நசுங்கி, 70 செ.மீ. தூரத்தில் வண்டி நிற்கிறது. வேகத்தின் இருமடியை, நிற்கும் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். இங்கே அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 14 மடங்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, 140 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை வேண்டும். எந்தத் தாயின் கைக்கு அந்த வலிமை உண்டு?

கட்டப்படாத குழந்தையோ நிலைமத்தால் அதே வேகத்தில் முன்னே பாயும். முன்னிருக்கையின் கடினமான பகுதியில் மோதி 5 செ.மீ. தூரத்தில் நிற்பதாகக் கொண்டால், விசை மேலும் 14 மடங்காகிறது. தூரம் குறையக் குறைய விசை கூடுகிறது. பட்டையும் குழந்தை இருக்கையும் செய்யும் வேலை இதுதான்: குழந்தையை வண்டியோடு பிணைத்து, வண்டி நசுங்கும் தூரத்தைக் குழந்தைக்கும் பெற்றுத் தருகின்றன.

எண் சாண் உடம்பல்ல

‘எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பது நம் பழமொழி. பெரியவர் உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தலை. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு! அந்தப் பெரிய தலையை மெல்லிய கழுத்து தாங்குகிறது. எனவே குழந்தையைச் சிறிய அளவிலான பெரியவர் என்று எண்ணுவது தவறு. 1959-இல் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் அமைத்த மும்முனைப் பட்டை பெரியவரின் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் பொருந்தியது. குழந்தைக்கு அதே பட்டை கழுத்தையும் வயிற்றையும் அழுத்தும்.

ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்த நிலையில் அமர்ந்து, முடுக்கத்தை முதுகால் தாங்கினர். அதைக் கண்ட ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை உருவாக்கினார். 1964-இல் அது சோதிக்கப்பட்டது. மோதலின்போது அதில் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒருசேரத் தாங்கப்படும். சற்று வளர்ந்த பிள்ளைகளை உயர்த்தி, பட்டை தோளில் படியச் செய்யும் திண்டு 1978-இல் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் குழந்தை இருக்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயது நிறையாத பிள்ளைகளைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்க வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய். 2023-இல் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத் தனி மதிப்பீடு உண்டு.

வாசகர்களே, கார் வாங்கச் செல்லும்போது பின்னிருக்கையில் குழந்தை உட்கார முடிகிறதா என்று பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். குழந்தை இருக்கை அங்கே அசையாமல் பொருந்துகிறதா என்று பொருத்திப் பாருங்கள். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். அடுத்த தெருவரைதான் பயணம் என்றாலும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். நிலைமம் பயணத்தின் தூரத்தைப் பார்ப்பதில்லை.