பேர் வெட்டுகிறவரும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும்

எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவின் கழுத்தில் அம்மாச்சியின் பெயர் வெட்டியிருக்கும். சின்ன வயசில் அதைத் தடவிப் பார்ப்பேன். கோடு மாதிரி தெரிவது உண்மையில் கோடு இல்லை, நெருக்கமாக விழுந்த சின்னச் சின்ன வெட்டுகள். பாத்திரக்கடை வாசலில் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் வேலை. இன்று பெரும்பாலான கடைகளில் 'கிர்ர்' என்று அதிரும் மின்சாரப் பேனாதான் பேர் எழுதுகிறது.

இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுவது மென்பொருள். காலையில் எழுதிய நிரலைச் சாயங்காலம் நானே தூக்கிவிட்டு வேறு எழுதுகிற பிழைப்பு. கையால் ஏதாவது செய்யணும் என்று ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. ஊருக்குப் போன ஒரு லீவில், புதுக்கோட்டையில் இன்னும் உளியால் பேர் வெட்டுகிற ஒரு பெரியவரைப் பிடித்தேன். "கத்துக்கொடுங்கண்ணே" என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச புள்ளைக்கு எதுக்கு தம்பி இது?" என்று கேட்டுவிட்டு, ஒரு பழைய பித்தளைத் தாம்பாளத்தை நீட்டினார். முதல் மூன்று நாள் நேர்கோடு மட்டும்தான்.

நேர்கோடு வந்துவிடும். 'ட' ஒரே நாளில் வந்தது. 'ழ' என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. வளைவு வரும் இடத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் உளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பணும். சாய்வு குறைந்தால் உளி குத்திக்கொண்டு நின்றுவிடும், கூடினால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஓடினால் அந்தக் கீறல் அங்கேயே இருக்கும், அழிக்க முடியாது.

அவரிடம் இன்னொன்றும் பார்த்தேன். கடை ஓய்ந்த நேரத்தில் ஒரு செப்புத் தகட்டை எடுத்து மயில் வெட்டுவார். யாரும் கேட்கவில்லை, காசும் இல்லை. "நாள் பூராவும் அடுத்தவுக பேரையே வெட்டுனா கை மரத்துப் போயிரும் தம்பி. இது கைக்குச் சோறு" என்றார்.

இந்தப் பழக்கத்துக்குப் பிறகு குடுமியான்மலைக்கு மறுபடி போனேன். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் அந்தப் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 13 அடிக்கு 14 அடி, 38 வரிகள், 7-ஆம் நூற்றாண்டு கிரந்த எழுத்து. 1904-இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன் பல தடவை பார்த்திருக்கிறேன். எழுதச் சொன்னது மகேந்திரவர்மனா, வேறு யாருமா என்ற சண்டையை எல்லாம் படித்திருக்கிறேன். இந்த முறை கண் வேறு இடத்துக்குப் போனது: இதை வெட்டியவர் எப்படித் தப்பு இல்லாமல் வெட்டினார்?

கேள்வி ஏன் பெரியது என்றால், இது சாதாரண வாசகம் இல்லை. ஏழு பகுதிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு சுரங்களாகப் பதினாறு கூட்டம். ஒரே சுர எழுத்து ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. சில எழுத்துகளின் தலையில் மட்டும் புள்ளி. ஒரு தானக் கல்வெட்டில் 'நிலம்' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். வெட்டுகிறவருக்கும் அடுத்து என்ன வரும் என்று ஓரளவு தெரியும். இங்கே அந்த வசதி கிடையாது. ஒரு சுழி மாறினால் சுரமே மாறிவிடும், மாறியது யாருக்கும் தெரியவும் தெரியாது. மென்பொருளில் இந்த மாதிரித் தப்புக்குத்தான் நாங்கள் ரொம்பப் பயப்படுவோம்.

கல்லில் எழுத்து பொறிக்கும் முறை பொதுவாக இப்படி: வாசகம் முதலில் ஓலையில் இருக்கும். எழுத்தறிந்த ஒருவர் அதைக் காவியாலோ கரியாலோ பாறையில் வரைந்துகொடுப்பார். கல்தச்சர் அந்தக் கோட்டின் மேல் உளியை ஓட்டுவார். நம்மூர்ப் பாறையில் உளி சீக்கிரம் மழுங்கும். உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் முக்கிப் பதம் ஏற்றி மறுபடி தொடங்கணும். அதே கல்தச்சரின் அன்றாடப் பிழைப்பு தூணும் படிக்கட்டும்தான். செப்பேடு என்றால், பொன்னிலும் செம்பிலும் வேலை செய்து பழகிய கைகளுக்குப் போகும். எழுத்து வெட்டுவது மட்டுமே தொழிலாக இருந்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அன்றாட வேலைக்கு நடுவே வந்த வேறு மாதிரி வேலை அது.

சில இடங்களில் அவர்கள் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டை எழுதியவர் யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன் என்று அந்தச் செப்பேடே சொல்கிறது. நம் மாவட்டத்திலேயே இன்னும் பழையது ஒன்று உண்டு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில், சமண முனிவர்களின் கற்படுக்கை அருகே உள்ள தமிழ் பிராமி எழுத்து, குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளயர் என்பவர் அந்த இருக்கையைச் செய்ததாகச் சொல்கிறது. தானே உளி பிடித்தாரா, ஆள் வைத்துச் செய்வித்தாரா என்று கேட்கலாம். எப்படியானாலும், சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் 'செய்தவர்' என்று ஒரு பெயர் எழுதி வைக்கத் தோன்றியிருக்கிறது.

குடுமியான்மலையில் அது இல்லை. கடைசியில், உருத்திராசாரியரின் சீடனான, சிவபக்தனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று வருகிறது. குருவுக்கு இடம் இருக்கிறது, அரசனுக்கு இடம் இருக்கிறது, மாணவர்களுக்கும் இருக்கிறது. 38 வரியையும் வெட்டிய கைக்கு இடமில்லை.

திருமயம் கதை இன்னும் கஷ்டம். அங்கே சிவன் குடைவரையிலும் இதே மாதிரி ஒரு இசைக் கல்வெட்டு இருந்தது. பின்னாளில் வேறு கல்வெட்டு பொறிக்க அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள், துண்டு துணுக்குதான் மிச்சம். அதைச் செதுக்கி எடுத்ததும் ஒரு கல்தச்சராகத்தானே இருக்கணும்? முன்னாடி ஒருவர் எத்தனை உளி மழுங்க அதை வெட்டியிருப்பார் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கொடுத்த வேலையைச் செய்தார். என் பிழைப்பிலும் அதுதான் நடக்கிறது. மற்றவர் எழுதியதை அழித்துவிட்டு என்னுடையதை எழுதுகிறேன், பெயர் இரண்டு பேருக்கும் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் பெரியவரிடம் அந்த மயில் தகட்டைக் கேட்டு வாங்கினேன். "மூலையில உங்க பேரை வெட்டிக் குடுங்கண்ணே" என்றேன். சிரித்தார். "பாத்திரம் வாங்குறவுக பேரைத்தான் தம்பி வெட்டுவோம். நான் என் பேரை எதுலயும் வெட்டுனதே இல்ல."

ரொம்ப வற்புறுத்திய பிறகு இரண்டே எழுத்து, இனிஷியல் மட்டும் வெட்டினார். அதை வெட்ட, மயிலின் தோகைக்கு எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.