துப்பாக்கி உரிமமும் நாமும்: கொங்கு மண்ணிலிருந்து ஒரு பார்வை



மறைந்த தோழரின் நினைவு மேடையில் துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் நம்மில் சிலரே முகம் சுளித்தார்கள். பயப்பட வேண்டாம். நாம் பேச வந்திருப்பது ஒரு காகிதத்தைப் பற்றி. துப்பாக்கி உரிமம் என்கிற அந்தக் காகிதம் யாருக்குக் கிடைத்தது, எந்த எல்லை வரை செல்லுபடியானது என்று பார்த்தால், இந்த நாடு யாரை நம்பியது, யாரைக் கண்டு அஞ்சியது என்பது தெரிந்துவிடும்.

உக்கடத்தில் பாலக்காட்டுப் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வாளையார். அந்தப் பேருந்தில் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கிறார், அதற்கு உரிமமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறைத்து வைத்திருப்பது குற்றமில்லை. உறையில் போட்டு, மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்; வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதுதான் குற்றம். ஆனால் உரிமத்தில் 'செல்லுபடியாகும் பகுதி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால், வாளையார் தாண்டியதும் அவர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவார். நாடு முழுவதும் செல்லும் உரிமம் எளிதில் கிடைக்காது. ஒன்றிய அரசின் 2010ஆம் ஆண்டுக் கொள்கை அதற்கென்று சில வகையினரைக் குறிப்பிட்டது: அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், படையினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள். உரிமமே இல்லாதவருக்கோ, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டுச் சிறை.

இதுவரை இது எல்லாருக்கும் பொதுவான சட்டம் போலத் தெரியும். கொஞ்சம் வடமேற்கே போவோம். சத்தியமங்கலம், திம்பம், மைசூரு தாண்டினால் குடகு. அங்கே 'குடகு இனத்தவர்' எவருக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ள எவருக்கும் துப்பாக்கி உரிமமே தேவையில்லை. 1861இல் ஆங்கிலேய ஆணையர் மார்க் கப்பன் கொடுத்த விலக்கு இது. குடியரசு வந்தும் தொடர்ந்தது. 2019இல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் இதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விலக்கின் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். குடகுக்கு வெளியே தங்கும்போதும் பயணம் செய்யும்போதும் ஒரு ரைபிளும் 100 தோட்டாக்களும், அதோடு ஒரு சாதாரணத் துப்பாக்கியும் அதற்கு 500 தோட்டாக்களும் வைத்துக்கொள்ளலாம். எல்லை தாண்டும் உரிமை பிறப்போடும் நிலத்தோடும் சேர்ந்தே வருகிறது. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் எரவர்களுக்கும் ஜேனுகுரும்பர்களுக்கும் இந்த விலக்கு இல்லை. அவர்கள் காலங்காலமாக அந்தக் காட்டிலேயே வாழ்பவர்கள். யானையையும் புலியையும் தினம் எதிர்கொள்பவர்கள். குடகு மக்களோடு நமக்குப் பகை ஒன்றும் இல்லை. ஓர் அரசு இனத்தையும் நிலத்தையும் அளவுகோலாக வைத்து ஆயுதம் வழங்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு கிடைக்காது, அவ்வளவுதான்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? பாளையக்காரர் போரை அடக்கியதும், 1801 டிசம்பரில் கிளைவ் பிரபு ஒரு பிரகடனம் வெளியிட்டுத் தென் பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தார். கொங்கில் தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அந்தப் படையில் இருந்த அருந்ததியர் பொல்லானைப் பற்றி வாய்மொழி மரபு சொல்லும் கதை இங்குள்ள பலருக்குத் தெரியும். ஆங்கிலேயர் பக்கத்துச் செய்தியை ஓலையில் எழுதிச் செருப்புக்குள் மறைத்து அனுப்பினார், அகப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார் என்கிறது மரபு. ஒவ்வோர் ஆடி முதல் நாளும் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறோம். செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாத மண்ணில், இந்தக் கதை தலைமுறை தாண்டி வந்ததில் வியப்பில்லை.

1857க்குப் பிறகு ஆயுதப் பறிப்பு நாடு முழுதுக்குமானது. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமில்லாத இந்தியர் கையிலிருந்த துப்பாக்கியைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு. பட்டம் பெற்றவர்களுக்கும் பெரும் நிலக்கிழார்களுக்கும் விலக்கு. சென்னையில் 1887இல் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் தளர்த்தும்படி கேட்டது. அதே கால அளவில்தான் 'போர்க்குடிகள்' என்ற கொள்கை தலையெடுத்து, சென்னைப் படையில் தலைமுறைகளாக இருந்த பறையர்களுக்கும் பம்பாய்ப் படையில் இருந்த மகர்களுக்கும் படையின் கதவு ஒவ்வொன்றாக மூடியது. ஊரில் உரிமம் இல்லை. பட்டாளத்திலும் இடம் இல்லை. காங்கிரசின் மனு இந்த இரண்டாவது இழப்பைப் பற்றிப் பேசவில்லை.

1931 கராச்சித் தீர்மானம் ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த நினைவில்தான் அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எவரும் சந்தைக்குப் போய் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு நடத்த முடியாது என்பது அவர் வாதம். ஆயுதம் தாங்குவது உரிமை என்பதைவிடக் கடமை என்பதைத்தான் வலியுறுத்துவேன் என்ற கருத்தையும் சொன்னார். சேனையில் இருந்த தகப்பனின் மகன் அவர். 1941இல் மகர் ரெஜிமென்ட் மீண்டும் அமைய உழைத்தவர்களில் ஒருவர். தனிமனிதர் கைத்துப்பாக்கியைவிட அரசின் படையிலும் காவலிலும் நம் மக்களுக்கு இடம் வேண்டும் என்பதே அவர் பார்வை என்று நாம் படிக்கிறோம். இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறோம்.

ஆனால் அரசு அந்தக் காவலைத் தராதபோது? இங்கேதான் நம் தோழர்கள் பலர் அறியாத இரண்டு சட்ட வரிகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது அது. வெள்ளையர் கால வழக்கத்தை நேராக மறுத்த வரி. ஆனால் அதற்கு முந்தைய 13ஆம் பிரிவைப் பாருங்கள்: தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் நீளக்குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. பயிரைக் காக்க நிலம் வேண்டும். கொங்கில் தோட்டம் யாருடையது, அதில் கூலி யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை இது நீளும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியைச் சூழ்ந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. 44 பேர் எரிந்து மாண்டார்கள். அதை நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படித்துப் பாருங்கள்.

2020இல் ஹத்ராஸ் கொடுமைக்குப் பிறகு பீம் ஆர்மியின் சந்திரசேகர் ஆசாத் துப்பாக்கி உரிமம் கேட்டபோது, ஊடகங்கள் அதை ஆவேசப் பேச்சு என்றன. விதி 3ஐப் படித்தவர்களுக்கு அது 25 ஆண்டுப் பழைய அரசாணைக் கோரிக்கை.

ஆனாலும் நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோகுல்ராஜை 2015இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து காரில் கடத்தினார்கள்; உடல் தண்டவாளத்தில் கிடந்தது. சங்கரை 2016 மார்ச்சில் உடுமலைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் அரிவாளால் வெட்டினார்கள். அரிவாளுக்கு உரிமம் இல்லை. எல்லைக் கட்டமும் இல்லை. அந்த இளைஞர்கள் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உரிமம் வாங்கித் துப்பாக்கியும் வாங்கி, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, மறுபடி வாங்கி வருவதற்கான பணமும் துணிவும் ஒரு கைத்தறித் தொழிலாளி வீட்டில் எங்கே இருக்கும்? அதனால் விதி 3இன் முதல் பாதியையே நாம் முதலில் கேட்க வேண்டும்: எதிரே இருப்பவரின் ஆயுதத்தைக் கிடங்கில் சேர்க்கும் பாதியை.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். அதில் நம் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். நம் மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அங்கே எத்தனை துப்பாக்கி உரிமங்கள் உள்ளன, விதி 3இன்படி எத்தனை ரத்தாயின? நம்மவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள்? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கோவை மாநகருக்குள் இருப்பவர்கள் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், மற்றவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். மனுவின் மாதிரியை அச்சடித்து வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் பெற்றுக்கொள்ளுங்கள்.