பிட்காயின் முதலீட்டு நிதிகளின் ஒழுங்குமுறை (ஐக்கிய அமெரிக்கா)

பிட்காயின் முதலீட்டு நிதி என்பது முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, அதைக் கொண்டு பிட்காயின் வாங்கி வைத்திருந்து, அதன் மீதான உரிமையைப் பங்குகளாகப் பிரித்து அளிக்கும் நிதி அமைப்பு ஆகும். பிட்காயினைத் தாமே வாங்கிப் பாதுகாக்க விரும்பாதவர்களும் சாதாரணப் பங்குத் தரகுக் கணக்கின் மூலம் அதில் முதலீடு செய்ய இது வழிவகுக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் இந்நிதிகளின் பங்கு வெளியீட்டையும் பட்டியலிடலையும் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை ஆணையம் (சுருக்கமாக, ஆணையம்) ஒழுங்குபடுத்துகிறது. இத்தகைய நிதியொன்றைப் பங்குச்சந்தையில் பட்டியலிடுவதற்கான முயற்சி 2013 இல் தொடங்கியது. ஒப்புதல் 2024 ஜனவரியிலேயே கிடைத்தது. முதலீட்டாளரைக் காக்கும் நோக்கில் ஒப்புதல் மறுக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், அம்மறுப்பாலேயே முதலீட்டாளர்கள் இழப்பைச் சந்திக்கின்றனரா என்பது முதன்மை விவாதப் பொருளாக இருந்தது.

## சட்டப் பின்னணி

அமெரிக்காவில் பரஸ்பர நிதிகள் 1940 ஆம் ஆண்டின் முதலீட்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. நிர்வாகிகளைக் கண்காணிக்க இயக்குநர் குழு அமைத்தல், சொத்துகளைத் தகுதி பெற்ற காப்பாளரிடம் ஒப்படைத்தல், எளிதில் விற்க இயலாத சொத்துகளை 15 விழுக்காட்டிற்குள் வைத்திருத்தல் முதலியன அச்சட்டமும் அதன் விதிகளும் விதிக்கும் கட்டுப்பாடுகளாகும்.

ஆனால் இச்சட்டம் பங்கு, கடன்பத்திரம் போன்ற நிதிப் பத்திரங்களில் முதலீடு செய்யும் நிதிகளுக்கு உரியது. பிட்காயின் தங்கத்தைப் போன்ற ஒரு பண்டமாகக் கருதப்படுவதால், அதை மட்டும் வைத்திருக்கும் நிதி இதன் வரம்பிற்குள் வருவதில்லை. தங்க நிதிகளைப் போல, அதன் பங்குகள் 1933 ஆம் ஆண்டின் பத்திரங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுகின்றன. இச்சட்டம் முதலீட்டாளருக்கு உண்மை விவரங்களை வெளியிடுவதை வலியுறுத்துகிறது. நிதியின் உள்நிர்வாகத்தை 1940 ஆம் ஆண்டுச் சட்டம் போலக் கட்டுப்படுத்துவதில்லை.

## முதன்மைச் சிக்கல்கள்

2018 ஜனவரியில் ஆணையத்தின் முதலீட்டு மேலாண்மைப் பிரிவு, நிதித்துறைச் சங்கங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மதிப்பீடு, எளிதில் பணமாக்கும் தன்மை, காப்பு, பங்கு விலைக்கும் சொத்து மதிப்புக்கும் இடையிலான வேறுபாடு, சந்தை முறைகேடு ஆகியவை குறித்த கேள்விகள் அதில் எழுப்பப்பட்டன. அவற்றுள் மூன்று பின்வருமாறு:

* காப்பு: பிட்காயினின் உரிமை, தனித் திறவுகோல் எனப்படும் இரகசிய எண்ணைச் சார்ந்தது. அந்த எண்ணை அறிந்த எவரும் பிட்காயினை வேறிடத்திற்கு மாற்றிவிடலாம். பங்குச் சான்றிதழ் தொலைந்தால் மாற்றுச் சான்றிதழ் பெறலாம். திறவுகோல் தொலைந்தால் பிட்காயினும் தொலைந்ததாகும். தணிக்கையிலும் இதனால் சிக்கல் எழுகிறது. ஒரு முகவரியில் எவ்வளவு இருப்பு உள்ளது என்பதைப் பொதுப் பதிவேட்டில் எவரும் காணலாம். ஆனால் அதன் திறவுகோலின் படி வேறெவரிடமும் இல்லை என்று நிறுவுவது கடினம்.

* மதிப்பீடு: நிதிகள் ஒவ்வொரு வணிக நாளும் தமது நிகரச் சொத்து மதிப்பைக் கணக்கிட வேண்டும். பிட்காயின் வணிகமோ பல சந்தைகளில் இரவும் பகலும் விடுமுறையின்றி நடைபெறுகிறது. அதற்கு நாளிறுதி விலை என ஒன்று இல்லை. எனவே பல நிதிகள் ஒரு குறியீட்டு விலையைப் பயன்படுத்துகின்றன. நியூயார்க் நேரப்படி மாலை 3 மணி முதல் 4 மணி வரையிலான வணிகம் 12 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் வணிக அளவைக் கருத்தில் கொண்ட இடைநிலை விலை காணப்படுகிறது. அந்த 12 விலைகளின் சராசரியே அன்றைய விலையாகும். ஒரே ஒரு பெரிய வணிகத்தால் விலையைத் திரித்துவிட இயலாதவாறு இம்முறை அமைந்துள்ளது.

* சந்தை முறைகேடு: பங்குச்சந்தைகளின் விதிகள் மோசடியைத் தடுக்கும் வகையில் அமைய வேண்டும் என்பது 1934 ஆம் ஆண்டின் பத்திரப் பரிவர்த்தனைச் சட்டத்தின் தேவையாகும். இதன்படி, போதிய அளவுடைய, ஒழுங்குபடுத்தப்பட்ட பிட்காயின் சந்தையொன்றுடன் கண்காணிப்புத் தகவல்களைப் பகிரும் உடன்பாடு வேண்டும் என்று ஆணையம் கோரியது. விங்கிள்வாஸ் சகோதரர்கள் 2013 இல் முன்வைத்த நிதி, 2017 மார்ச்சிலும் 2018 ஜூலையிலும் இக்காரணத்தாலேயே மறுக்கப்பட்டது.

## கிரேஸ்கேல் பிட்காயின் டிரஸ்ட்

பட்டியலிட ஒப்புதல் கிடைக்காத காலத்தில், 2013 இல் தொடங்கப்பட்ட கிரேஸ்கேல் பிட்காயின் டிரஸ்ட் பெரும் வளர்ச்சி பெற்றது. இங்கு டிரஸ்ட் என்பது அறப்பணிக்கான அறக்கட்டளையைக் குறிக்காது. பிறருக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் சட்ட அமைப்பையே குறிக்கும். இதன் பங்குகள் முதலில் சட்டம் வரையறுத்த தகுதியுள்ள செல்வந்தர்களுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டும் விற்கப்பட்டன. குறிப்பிட்ட காலம் கழிந்த பின் அவர்கள் அவற்றை முதன்மைப் பங்குச்சந்தைகளுக்கு வெளியே இயங்கும் சந்தையில் பொதுமக்களுக்கு விற்கலாம். 2015 முதல் இவ்வணிகம் நடைபெற்றது.

இ.டி.எஃப் எனப்படும் பட்டியலிடப்பட்ட நிதியில் பங்கின் விலை சொத்து மதிப்பைவிடக் குறைந்தால், பெரு வணிகர்கள் மலிவான பங்குகளை வாங்கி, நிதியிடம் திருப்பி அளித்து, முழு மதிப்பைப் பெறுவர். இதனால் விலை வேறுபாடு விரைவில் மறையும். கிரேஸ்கேலில் இவ்வாறு பங்குகளைத் திருப்பி அளிக்க இயலவில்லை. புதிய பங்குகளை வெளியிடும்போதே பழைய பங்குகளையும் திரும்பப் பெற்றது சந்தை விதிகளுக்கு முரணானது என்று ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அவ்வழக்கு 2016 இல் உடன்பாட்டில் முடிந்தது. பங்குகளைத் திரும்பப் பெறுவது 2014 இலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

இதன் விளைவு இரு திசைகளிலும் வெளிப்பட்டது. 2017 இல் ஒரு கட்டத்தில் பங்கின் விலை, அதற்குரிய பிட்காயினின் மதிப்பைப்போல் இருமடங்கிற்கும் மேல் இருந்தது. 2021 பிப்ரவரியில் நிலைமை தலைகீழானது. 2022 டிசம்பரில் பங்கு ஏறத்தாழ 50 விழுக்காடு குறைவான விலைக்கு விற்றது. அதாவது 100 டாலர் மதிப்புள்ள பிட்காயினுக்குரிய பங்கை விற்றால் சுமார் 50 டாலரே கிடைத்தது. நிதியோ ஆண்டுக்கு 2 விழுக்காடு கட்டணத்தை, பங்கின் சந்தை விலைக்கன்றி, பிட்காயினின் முழு மதிப்புக்குப் பெற்று வந்தது. இப்பங்குகளைப் பெருமளவில் வைத்திருந்த திரீ ஆரோஸ் கேப்பிட்டல் என்னும் நிறுவனம் 2022 ஜூனில் வீழ்ந்தது.

## நீதிமன்றத் தீர்ப்பு

கிரேஸ்கேல் நிதியை இ.டி.எஃப் ஆக மாற்றும் விண்ணப்பத்தை ஆணையம் 2022 ஜூனில் மறுத்தது. ஆனால் 2021 அக்டோபரிலேயே, பிட்காயினின் முன்பேர ஒப்பந்தங்களில் முதலீடு செய்யும் இ.டி.எஃப் வணிகத்திற்கு வந்திருந்தது. முன்பேர விலையும் உடனடி விலையும் ஏறத்தாழ முழுவதுமாக ஒன்றையொன்று சார்ந்திருக்க, ஒன்றை அனுமதித்து மற்றொன்றை மறுப்பது முரண் என்று கிரேஸ்கேல் வழக்குத் தொடுத்தது.

கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 29 அன்று கிரேஸ்கேலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒத்த பொருள்களை வேறுவிதமாக நடத்தியதற்கு ஆணையம் தக்க காரணம் கூறவில்லை என்பது தீர்ப்பின் சாரமாகும். நீதிபதி நியோமி ராவ் தீர்ப்பை எழுதினார். வழக்கை விசாரித்த மூவருள், தமிழ்ப் பின்னணி கொண்ட தலைமை நீதிபதி ஸ்ரீ சீனிவாசனும் ஒருவர். பிட்காயின் நிதி பாதுகாப்பானது என்று நீதிமன்றம் கூறவில்லை. விதி ஒரே சீராகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்றே கூறியது.

## 2024 ஒப்புதலும் பின்னரும்

2024 ஜனவரி 10 அன்று ஆணையம் 3-2 என்ற வாக்குக் கணக்கில் 11 நிதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. முந்தைய நாள் ஆணையத்தின் எக்ஸ் கணக்கை ஊடுருவியோர், ஒப்புதல் கிடைத்துவிட்டதாகப் பொய்ச் செய்தி வெளியிட்டிருந்தனர். ஜனவரி 11 அன்று வணிகம் தொடங்கியது. கிரேஸ்கேலின் விலை வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. அதன் கட்டணம் 1.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. போட்டி நிதிகள் பலவற்றின் கட்டணம் இதைவிட மிகக் குறைவாக இருந்ததால், அதிலிருந்து பெரும் முதலீடு வெளியேறியது.

பிற்கால மாற்றங்கள் சில:

* வாடிக்கையாளரின் கிரிப்டோ சொத்துகளைக் காக்கும் பொறுப்பைக் காப்பாளர் தமது இருப்புநிலைக் குறிப்பில் கடப்பாடாகக் காட்ட வேண்டும் என்ற 2022 ஆம் ஆண்டு வழிகாட்டல், 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. வங்கிகள் காப்புப் பணியில் இறங்க இது தடையாகக் கருதப்பட்டது.
* 2025 ஜூலையில், நிதியின் பங்குகளைப் பணத்திற்குப் பதிலாக நேரடியாகப் பிட்காயினுக்கு மாற்றிக்கொள்ளப் பெரு வணிகர்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது.
* 2025 செப்டம்பரில் பொதுப் பட்டியலிடல் விதிகள் ஏற்கப்பட்டன. அவற்றை நிறைவு செய்யும் நிதிகளுக்குத் தனித்தனி விதி ஒப்புதல் தேவையில்லை.

## விமர்சனங்கள்

ஒப்புதல், விலை வேறுபாட்டுச் சிக்கலைத் தீர்த்ததேயன்றி, காப்பு பற்றிய கேள்வியை முழுமையாகத் தீர்க்கவில்லை என்பது ஒரு விமர்சனமாகும். முதல் 11 நிதிகளில் 8 நிதிகள் காயின்பேஸ் என்ற ஒரே குழுமத்தைக் காப்பாளராகத் தேர்ந்தன. அதே குழுமத்தின் மீது ஆணையம் 2023 ஜூனில் தொடுத்த வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. அது 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஓரிடத்தில் குவிந்த காப்பில் கோளாறு நேர்ந்தால் பல நிதிகள் ஒருங்கே பாதிக்கப்படலாம்.

மேலும், பொதுவழக்கில் இவை அனைத்தும் இ.டி.எஃப் என்றே அழைக்கப்படுவதால், 1940 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புகள் இவற்றுக்கும் உண்டு என முதலீட்டாளர் கருதக்கூடும். உடனடிப் பிட்காயின் நிதிகளுக்கு அப்பாதுகாப்புகள் இல்லை என்பது அவற்றின் வெளியீட்டு விளக்க ஆவணங்களில் குறிப்பிடப்படுகிறது.

## இவற்றையும் பார்க்க

* பிட்காயின்
* பரஸ்பர நிதி
* முன்பேர ஒப்பந்தம்